கிளட்ச் பிளேட்டுகள் செய்த சமாதானம்

பாலத்தில் ஏறும்போது அந்தப் பழைய பைக்கின் இன்ஜின் தொண்டை கிழியக் கத்தியது. பின்சக்கரம் என்னவோ ஆடி அசைந்துதான் உருண்டது.

“நான் இங்கே உயிரை விடுறேன். அவனுக்கு உடம்பு வணங்கல” என்றது இன்ஜின்.

“அவர்கிட்டேயிருந்து சத்தம் மட்டும்தான் வருது. வேற ஒண்ணும் வந்து சேரல” என்றது சக்கரம்.

இன்ஜினின் சுழற்சியைச் சக்கரத்துக்குக் கொண்டுபோகும் கிளட்ச் பிளேட்டுகள் நடுவில் இருந்தன. “அவன் வந்துக்கிட்டேதான் இருக்கான்” என்று இன்ஜினிடமும், “அவர் சுபாவமே அப்படி, மனசுல ஒண்ணுமில்ல” என்று சக்கரத்திடமும் சொல்லிச் சொல்லி வழுக்கின. வழுக்க வழுக்கத் தேய்ந்தன. கருகிய வாசனைகூட வந்தது. இரண்டு பேரும் அதைக் கவனிக்கவில்லை.

மெக்கானிக் ஜெபமணி டாப் கியரில் ஓட்டி, ஆக்சிலேட்டரை முறுக்கிப் பார்த்தார். சத்தம் ஏறியது, வேகம் ஏறவில்லை. “இன்ஜினும் நல்லாத்தான் இருக்கு, சக்கரமும் நல்லாத்தான் இருக்கு” என்றபடி மூடியைக் கழற்றினார். தேய்ந்த பிளேட்டுகளைப் பழைய இரும்பு டப்பாவில் போட்டுவிட்டு, புதியவற்றை ஆயிலில் நனைத்து மாட்டினார்.

மறுநாள் பைக் விறுவிறுவென்று பாலம் ஏறியது.

“நாலு வார்த்தை திட்டினதும் திருந்திட்டான் பார்” என்றது இன்ஜின்.

“நான் முறைச்சதுக்கு அப்புறம்தான் ஒழுங்கா வேலை செய்யறார்” என்றது சக்கரம்.

புதுப் பிளேட்டுகளுக்கு நிம்மதியாக இருந்தது. “நல்ல ஒற்றுமையான குடும்பம். நமக்கு இங்கே வேலையே இருக்காது” என்று பேசிக்கொண்டன.