இரண்டு அம்மாக்கள்

"அவனை இந்த வகுப்புல வச்சிருக்காதீங்க டீச்சர். நான் கேக்கிறது அது ஒண்ணுதான்."

தையல்காரம்மா நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தாள். வேலையைப் பாதியில் போட்டுவிட்டு ஓடி வந்திருக்க வேண்டும். கழுத்தில் அளவு நாடா அப்படியே தொங்கியது. அதை விரலில் சுற்றுவதும் அவிழ்ப்பதுமாக இருந்தாள்.

டீச்சருக்கு இருப்புக் கொள்ளவில்லை. பக்கத்து அறையில் அவள் விட்டுவிட்டு வந்த மூன்றாம் வகுப்பு கூரையைப் பிய்த்துக்கொண்டிருந்தது. பிரசவ விடுப்பில் போனவரின் இடத்துக்கு முந்தாநாள்தான் வந்து சேர்ந்திருந்தாள். அதற்குள் நேற்று ஒரு பையன் ஒரு சிறுமியின் கையைக் கடித்துவிட்டான். பல் பதிந்து ரத்தம் கட்டிப்போனது. இன்று இரண்டு பிள்ளைகளுமே வரவில்லை.

அம்மாக்களை வரச் சொன்ன தலைமையாசிரியை, கூட்டம் இருக்கிறது என்று தான் மட்டும் கிளம்பிவிட்டார். இரண்டு பேரும் ஒத்துக்கொண்டால் நாளையிலிருந்து பையனைத் தனி அறையில் வைத்துக்கொள்ளலாம், பேசி முடித்துவிடுங்கள் என்று வாசலில் நின்றபடி சொல்லிவிட்டுப் போனார்.

தனி அறை என்பது பெயருக்குத்தான். தாழ்வாரத்தின் கோடியில், உடைந்த பெஞ்சுகளைப் போட்டு வைக்கும் இடம். காலையில் ஆயா அதைப் பெருக்கி ஒரு மேசையும் நாற்காலியும் போட்டிருந்தாள். ஒரே ஒரு நாற்காலி.

"அவன் எங்கேயும் போக வேண்டாம்" என்றாள் சன்னலோரம் நின்ற இன்னொரு அம்மா. பஸ் கண்டக்டர். சீருடையோடு, தோளில் பையோடு வந்திருந்தாள். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

தையல்காரம்மா அவளை நிமிர்ந்தும் பார்க்கவில்லை. "மத்த பிள்ளைங்க என்ன பாவம் பண்ணுச்சு? இன்னைக்குக் கை. நாளைக்குக் கண்ணுல பட்டா யார் பதில் சொல்றது? போன் அடிச்சாலே ஸ்கூல்லேருந்துதானோன்னு பயமா இருக்கு."

டீச்சர் தலையாட்டினாள். பெற்ற வயிறு பதறத்தானே செய்யும். அடுத்த கணமே, எதற்குத் தலையாட்டினோம் என்று தன்மேலேயே எரிச்சல் வந்தது. எழுந்து போய்ச் சும்மா இருந்த மின்விசிறியின் சுவிட்சைப் போட்டுவிட்டு வந்தாள்.

"பெல் சத்தம் அவனுக்கு ஆகாது டீச்சர்" என்றாள் கண்டக்டர். "அடிக்கிறதுக்கு முன்னாடி காதைப் பொத்திவிட்டா பேசாம இருப்பான். பக்கத்துல உக்கார்றவ தினமும் பொத்திவிடுவா. நேத்து நீங்க அவனைத் தனியா கடைசியில உக்கார வச்சுட்டீங்க. அவ எழுந்து ஓடிப் போறதுக்குள்ள பெல் அடிச்சுடுச்சு. பயத்துல, காதுகிட்ட வந்த கையைக் கடிச்சுட்டான்."

டீச்சருக்கு முகம் சூடேறியது. ஓயாமல் முனகிக்கொண்டும் ஆடிக்கொண்டும் இருந்த பையனைக் கடைசி பெஞ்சுக்குத் தள்ளியது அவள்தான். வகுப்பு அமைதியாக நடந்தால் போதும் என்று நினைத்தாளே தவிர, அவன் ஏன் முனகுகிறான் என்று கேட்கவில்லை. எல்லாக் குழந்தைகளும் சமம் என்று பரீட்சையில் பக்கம் பக்கமாக எழுதி மதிப்பெண் வாங்கியவள்.

தையல்காரம்மா விடவில்லை. தனி அறையே போதும், நாளைக்கே மாற்றிவிடுங்கள், இல்லையென்றால் வேறு பள்ளிக்கூடத்தையாவது காட்டுங்கள் என்று ஒரே மூச்சில் சொன்னாள். குரல் உடைந்தது.

இரண்டு பேரும் டீச்சரின் வாயையே பார்த்தார்கள். சரி என்று ஒரு வார்த்தை சொன்னால் தலைவலி தீர்ந்தது. தலைமையாசிரியையும் மெச்சிக்கொள்வார். ஆனால் அந்த ஒற்றை நாற்காலி கண்ணைவிட்டுப் போக மாட்டேன் என்றது.

"என்னை மன்னிச்சிடுங்கம்மா" என்றாள் தையல்காரம்மாவிடம். "அவன் என் வகுப்புலதான் இருப்பான். பழைய இடத்துலயே உக்காருவான். மணியை மெதுவா அடிக்கவோ நிறுத்தவோ என்ன செய்யணுமோ, அது என் பொறுப்பு. மேடம் கேட்டா நானே சொல்லிக்கிறேன்."

தையல்காரம்மா முகத்தை மூடிக்கொண்டு அழத் தொடங்கினாள். டீச்சர் பதறிப்போனாள். காயம் பட்டவர்களை மேலும் காயப்படுத்திவிட்டோமோ என்று தோன்றியது. அருகே போய்க் குனிந்து, "பொண்ணுக்கு இப்ப கை எப்படிம்மா இருக்கு?" என்று கேட்டாள்.

பதில் சன்னலோரத்திலிருந்து வந்தது.

"வீக்கம் வத்திடுச்சு டீச்சர். நாளைக்கும் அவன் பக்கத்துலதான் உக்காருவேன்னு காலையிலேருந்து ஒரே அடம்" என்ற கண்டக்டர், வந்து தையல்காரம்மாவின் தோளில் கை வைத்தாள். "கடி வாங்கின என் பொண்ணே வேணுங்கிறா. பெத்தவங்க நீங்க அவனை வேண்டாம்னு சொல்லலாமாக்கா?"