நான்காவது கார்டு

“இவளுக்கு ஒரு கிராஃபிக்ஸ் கார்டு போதும் பாய். இத்தனை வருஷமா குடும்பம் நடத்துறேன், எனக்குத் தெரியாதா?” என்றேன்.

கேம் ஆடுபவர் அடுத்து என்ன செய்வார் என்று ஊகித்து, கை அசையும் முன்பே காட்சியை வரைந்து வைக்கும் கார்டுகள் அவை. ஒரு கார்டுக்கு ஓர் ஊகம். என்னைச் சோதித்த கடைக்காரர் இலியாஸ், எனக்கு ஒன்றே தாராளம் என்று சொல்லிவிட்டார்.

“மேடமும் ஒரு தடவை ஓட்டிப் பார்க்கட்டும் சார்.”

என் மனைவி வான்மதி ஸ்டியரிங்கைப் பிடித்தாள். திரையில் ஓடிய காரில் அவள் பக்கத்தில் என் உருவம் உட்கார்ந்திருந்தது. நாற்சந்தி வந்ததும், கடையின் சோதனைக் கணினியில் மாட்டியிருந்த நான்கு கார்டுகளின் ஃபேன்களும் இரைந்தன. சோதனைத் திரைகளில் நான்கு ஊகங்கள் தெரிந்தன. முதலாவதில் வீட்டுப் பக்கம் திரும்பினாள், அடுத்ததில் கடற்கரைக்கு. மூன்றாவதில் மலைப்பாதை. நான்காவதிலும் அதே மலைப்பாதைதான், ஆனால் பக்கத்து இருக்கை காலியாக இருந்தது.

வான்மதி அந்தத் திரையையே குனிந்து பார்த்தாள். “இந்த ரோடு எங்க போகுதுங்க?” என்று இலியாஸிடம் கேட்டாள்.

“நாலாவது வேணாம் பாய். மூணு போதும்,” என்றேன்.

“கழட்டிடலாம் சார்,” என்றார் இலியாஸ். “ஆனா கார்டைக் கழட்டினா படம் மட்டும்தான் வராது.”