நீலப் பிளாஸ்டிக் துப்பாக்கி

வெர்னா துப்பாக்கியைப் பறித்தாள். திருப்பிக் கொடுக்கவில்லை.

ராய்ஸ் கையை நீட்டியபடி நின்றான்.

அமரில்லோ ஊருக்கு வெளியே, துப்பாக்கி சுடுதளத்தின் தகரக் கூரைக்குக் கீழே சனிக்கிழமைத் தற்காப்பு வகுப்பு. மடக்கு நாற்காலிகளில் மாணவர்கள். ராய்ஸ் பயிற்சியாளன். வெர்னா அவன் மனைவி, வாராவாரம் செய்து காட்டுவதற்குச் சம்பளமில்லாத ஆள்.

வழக்கம் எல்லோருக்கும் தெரியும். பயிற்சிக்கென்றே செய்த நீலப் பிளாஸ்டிக் துப்பாக்கியை அவன் அவள் நெஞ்சுக்கு நேரே நீட்டுவான். அவள் விலகி, பிடித்துத் திருகி, பறிப்பாள். உடனே அவன் கையில் திருப்பி வைப்பாள். மறுபடியும் முதலிலிருந்து.

ஆபத்தில் மூளை லீவு போட்டுவிடும், கைதான் காப்பாற்றும் என்பது அவன் வேதம்.

"என்னடி மரம் மாதிரி நிக்கிற? குடு இப்படி."

அவள் பின்னால் நகர்ந்தாள். குறியை அவன் நெஞ்சிலிருந்து இறக்கவில்லை.

முன்வரிசையில் இருந்த மாட்டுப் பண்ணைக்காரன் டுவெய்னுக்கு வாய் சும்மா இருக்காது. "வாத்தியாரே, வீட்டுலயும் இப்படித்தானா?"

எல்லோரும் சிரித்தார்கள். ராய்ஸின் கழுத்து சிவந்தது. ஊரில் பாதிப் பேருக்குத் துப்பாக்கி பிடிக்கக் கற்றுக்கொடுத்தவன் அவன்.

"வீட்டுக்கு வா, வச்சுக்கிறேன்" என்றான், அவளுக்கு மட்டும் கேட்கும்படி.

அந்த ஆளை அவள் அடியோடு வெறுத்தாள். அதைவிடத் தன் கைகளை வெறுத்தாள். இந்தக் கைகள் இன்றைக்கே வேறு பழக்கத்துக்கு வராவிட்டால், இனி அவள் பிழைக்க வழியில்லை.

அவன் பாய்ந்து வந்தான். அவள் மறுபடி விலகினாள். மறுபடி குறிவைத்தாள்.

இதுவும் பாடம்தான் என்று நினைத்து மாணவர்கள் கைதட்டினார்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை நடந்தது அவர்களில் யாருக்கும் தெரியாது. சர்ச்சிலிருந்து வந்து அடுப்படியில் கோழி வறுத்துக்கொண்டிருந்தவளின் நெஞ்சுக்கு நேரே, ராய்ஸ் நிஜத் துப்பாக்கியை நீட்டினான். பல்லைக் கடித்துக்கொண்டு, அவளைக் கொல்லும் கோபத்தோடுதான் நீட்டினான்.

அவள் விலகினாள், திருகினாள், பறித்தாள். வகுப்பில்கூட அவ்வளவு சுத்தமாக வந்ததில்லை.

பறித்த கையோடு, அதை அவனிடமே திருப்பிக் கொடுத்தாள்.

அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதனால்தான் அவள் அன்று பிழைத்தாள்.