செத்த கம்பிகள்

மழை வெளிச்சத்தில் பழைய இசைக்கருவிக் கடை மங்கிக் கிடக்கிறது. ஒரு மாதத்தில் திரும்ப வாங்கிக்கொள்வதாகச் சொல்லித்தான் நடுவயதுக்காரர் ஒருவர் தன் பேஸ் கிட்டாரை விற்கிறார். கடைக்காரர் ஒரு கம்பியைச் சுண்டுகிறார். கனத்த, மழுங்கிய ஒலி எழுந்து உடனே அடங்குகிறது. “கம்பியெல்லாம் செத்துக் கிடக்கே. மாத்தினதே இல்லையாண்ணே?” “வேணும்னுதான் மாத்தல. பழைய எல்பி ரெக்கார்டுல எல்லாம் பேஸ் இப்படித்தான் கேட்கும். இந்தச் சத்தம் வர எத்தனையோ வருஷமாச்சு.” “காதுல பஞ்சு வச்சிருந்தா அன்னிக்கே வந்திருக்குமே” என்றபடி கடைக்காரர் நான்கு கம்பிகளையும் நறுக்கிவிட்டுப் புதியவற்றை மாட்டுகிறார். கிட்டார் இப்போது கணீரென்கிறது. விற்க வந்தவர் தலையைச் சாய்த்துக் கேட்கிறார். அவர் காதுக்கு அது வேறு யாரோ ஒருவருடைய கிட்டார். காலி உறையின் ஜிப்பை மெதுவாக இழுத்து மூடுகிறார். “எனக்காக எடுத்து வைக்க வேணாம் தம்பி. யார் கேட்டாலும் கொடுத்துடுங்க.”