ஏழாவது வாய்தா

“இந்த மனுஷன் முகத்தப் பார்த்து முப்பத்தோரு நாளாச்சும்மா. இதுக்குப் பேரு குடும்பமா?”

குடும்பநல நீதிமன்றத்தின் அந்தச் சின்ன அறையில் அவள் குரல் ஜன்னல் வரை போய்த் திரும்பியது. நீதிபதி அம்மா மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். காலையில் எடுத்த முதல் வழக்கே இப்படி.

“ஒரே வீட்டுலதானே இருக்கீங்க?”

“வீடு ஒண்ணுதாம்மா. நான் ஆஸ்பத்திரியில பகல் டியூட்டி நர்ஸ். இவருக்குப் பார்சல் கிடங்குல நைட் ஷிப்ட். நான் கதவப் பூட்டிட்டுக் கிளம்பும்போது இவரு பஸ்ஸுல வந்துட்டிருப்பாரு. நான் திரும்பி வந்தா கட்டில்ல போர்வை மட்டும் கிடக்கும்.”

பெஞ்சின் மறுமுனையில் இருந்த கணவன் சும்மா விடவில்லை. “இவ மட்டும் என்னவாம்? குழம்புல உப்பு கம்மின்னு சொல்லக்கூட ஆள் இல்லம்மா. ஃப்ரிட்ஜுல சீட்டு எழுதி ஒட்டினேன். ‘உப்பு டப்பா மேல் தட்டுல இருக்கு, கை உங்க தோள்ல இருக்கு’ன்னு மறுநாள் அதுக்குக் கீழயே எழுதி வச்சிருக்கா!”

கிளார்க் கோப்புக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டார். அவர் தோள்கள் குலுங்கின.

நீதிபதி கோப்பைப் புரட்டினார். இதுவரை ஆறு தடவை வந்தாகிவிட்டது. வக்கீல்கூட வைக்காமல், மாதம் தவறாமல் வந்து, இதே பெஞ்சில் ஆளுக்கொரு முனையில் உட்கார்ந்து சண்டை போட்டுவிட்டு, “யோசிக்க டைம் வேணும்” என்று வாய்தா வாங்கிக்கொண்டு போகிற ஜோடி.

“வாரத்துல ஒரு நாள் லீவு இருக்கும்ல?”

“எனக்குப் புதன், இவருக்குச் சனி. அதுவும் பேருக்குத்தாம்மா, ஆள் இல்லன்னு அன்னைக்கும் வேலைக்குக் கூப்பிட்டுடறாங்க.”

“சரி, ஒரு நாள் ரெண்டு பேரும் சேர்ந்து லீவு போட்டு, உக்காந்து பேசித் தீர்க்க வேண்டியதுதானே?”

அவள் சிரித்தாள். அவனும் சிரித்தான். இரண்டுமே நல்ல சிரிப்பில்லை.

“காய்ச்சல்னு லீவு கேட்டேம்மா. ‘இந்த வார்டுல யாருக்குத்தான் காய்ச்சல் இல்ல’ங்கறாங்க.”

“என் சொந்தத் தங்கச்சி கல்யாணத்துக்கு அரை நாள்தாம்மா குடுத்தாரு சூப்பர்வைசர். ‘கல்யாணம் உனக்கா, உன் தங்கச்சிக்கா’ன்னு கேட்டாரு.”

உழைக்கிறவனுக்கு உரிய லீவுதான். கேட்கப் போனால் மட்டும், மேலதிகாரியின் பரம்பரைச் சொத்தில் பங்கு கேட்டதுபோல அவர் முகம் கோணும்.

அதற்குள் அவள் கிளார்க் பக்கம் திரும்பிவிட்டாள். “அண்ணே, இன்னைக்கு வந்ததுக்கு சர்டிபிகேட் ரெண்டும் போட்டுட்டீங்களா? போன தடவை சீல் மங்கலா விழுந்திருச்சு. கொஞ்சம் நல்லா அழுத்திக் குத்துங்க.”

நீதிபதிக்குச் சுருக்கென்றது. வாழ்க்கையே கவிழ்ந்துகொண்டிருக்கிறது, இவளுக்கு சீல்தான் கவலை! இந்தப் பக்கம் இவன் மூன்றாவது தடவையாகச் சுவர்க் கடிகாரத்தைப் பார்க்கிறான்.

“என்னப்பா, பொண்டாட்டிய விட அவசரமான வேலை ஏதாவது இருக்கா?”

அவனுக்கு வியர்த்தது. கைக்குட்டையை உருவினான். கூடவே சட்டைப் பையிலிருந்து இரண்டு துண்டுக் காகிதங்கள் பறந்து விழுந்தன. கிளார்க் குனிந்து எடுத்துப் படித்தார்.

“சினிமா டிக்கெட்டும்மா. இன்னைக்குப் பதினொன்றரை ஷோ. ரெண்டு.”

“ஓகோ! கட்டினவ முகத்தப் பார்க்க நேரமில்ல, சினிமாவுக்கு மட்டும் நேரமிருக்கோ? அந்த இன்னொரு டிக்கெட் யாருக்கு?”

அவன் தரையைப் பார்த்தான். அவள் முகம் குப்பென்று சிவந்தது. மடியிலிருந்த பெரிய பையை இறுக்கி அணைத்துக்கொண்டாள். உள்ளே டிபன் கேரியர் டணங்கென்று சத்தம் போட்டது.

நீதிபதிக்கு அதற்குமேல் விளக்கம் தேவைப்படவில்லை. ஒரு தாளை எடுத்து அவள் முன்னால் நகர்த்தினார்.

“இனிமே வாய்தா கிடையாது. இன்னைக்கே முடிச்சு விடறேன். கையெழுத்துப் போடும்மா. இந்த ஆள்கிட்டேருந்து உனக்கு விடுதலை.”

பேனா உருண்டு வந்து அவள் விரலில் முட்டி நின்றது. அவள் அதைத் தொடாமல் கையை இழுத்துக்கொண்டாள்.

“ஐயோ, பிரிச்சு விட்டுடாதீங்கம்மா!” என்று அலறியவன் அவன்.

“அப்போ கேஸை வாபஸ் வாங்கிட்டு ஒழுங்கா வீடு போய்ச் சேருங்க.”

“ஐயையோ, வாபஸும் வேண்டாம்மா!” இது அவள்.

நீதிபதி கோப்பைப் படாரென்று மூடினார். கிளார்க் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“பிரியவும் மாட்டீங்க, வாபஸும் வாங்க மாட்டீங்க. கோர்ட்டுன்னா விளையாட்டாப் போச்சா? உண்மையச் சொல்லுங்க, உங்களுக்கு என்னதான் வேணும்?”

பெஞ்சின் மறுமுனையில் இருந்தவன் எப்போது நகர்ந்து வந்தான் என்று தெரியவில்லை, அவள் தோளை ஒட்டி உட்கார்ந்திருந்தான். ‘சொல்லிடு’ என்பதுபோலத் தலையசைத்தான்.

அவள் மடியிலிருந்த பையைக் கீழே இறக்கி வைத்தாள்.

“வாய்தா மட்டும் போதும்மா. கோர்ட்டுன்னு சொன்னாத்தான் ரெண்டு பேருக்கும் ஒரே நாள்ல லீவு குடுக்கறாங்க.”