பேசாத கைபேசி

பக்கத்தில் வந்து உட்காருங்கள், கண்மணிகளே, கண்ணாரக் கண்ட வேடிக்கை ஒன்றைச் சொல்கிறேன். கல்லூரி வகுப்பறை; சன்னல் வெயில் மேசைமேல் சாய்ந்து கிடக்கிறது. பேருந்துச் சீட்டு எடுக்கும் செயலி ஒன்றைத் தாள்களில் வரைந்துவைத்து, மாணவியும் அவள் தோழனும் அவளுடைய அத்தையிடம் சோதித்துப் பார்க்கிறார்கள். யாரும் வழி சொல்லக் கூடாது, அதுதான் பாடம். அத்தை தொடுவதற்கு ஏற்பத் தாளை மாற்றும் தோழன்தான் கைபேசி. அத்தையோ சீட்டு எடுக்கக் கீழே வரைந்திருக்கும் பச்சைப் பொத்தானை விட்டுவிட்டு, பேருந்துப் படத்தையே குத்திக்கொண்டிருக்கிறாள். “ஏம்ப்பா, வாயைத் திறந்தா முத்தா உதிர்ந்துடும்?” “நான் போன், அத்தை. போன் வழி சொல்லாது.” பொத்தானை ஆசையாக வரைந்த மாணவி தன் வாயைப் பொத்திக்கொள்கிறாள்; நாளை வகுப்பில் இதைத்தான் காட்டியாக வேண்டும். அத்தை மறுபடியும் படத்தைத் தொடுகிறாள். “பஸ்ஸு இங்க நிக்குது. நான் வேற எங்க போய் ஏறுவேன்?” வாயைப் பொத்திய கை மெல்ல இறங்குகிறது. அதே கை பென்சிலை எடுத்துப் பொத்தானைக் கோடு போட்டு அடித்துவிட்டு, பேருந்தின் மேலேயே ‘ஏறுங்கள்’ என்று எழுதுகிறது. அத்தை தொடுகிறாள்; கைபேசி ‘சன்னலோர இருக்கை’ என்று எழுதிய சீட்டை நீட்டுகிறது. “அடி சக்கை, ஜன்னல் சீட்டு!” என்று அத்தை கைகொட்ட, கைபேசியே விழுந்து விழுந்து சிரிக்கிறது. உங்கள் வீட்டில் எல்லோருக்கும் சன்னலோர இடமே கிடைக்கட்டும், கண்மணிகளே.