அப்பாவுக்கு ஒரு பக்கம்

“மெஷினை நிறுத்துங்க! பதினோராம் பக்கம் ஓடவே கூடாது!” ரிசீவருக்குள் கத்தினாள் சுனிதா.

“யாக்கே மேடம்? இத்தனை தடவை ப்ரூஃப் பார்த்தீங்களே, இன்னுமா பிழை?” பிரஸ்காரர் கன்னடம் கலந்து அலுத்துக்கொண்டார்.

“பிழையா இருந்தா பரவாயில்ல சார். நிஜமா இருந்தாத்தான் பயம். நிறுத்துங்க.”

“ஆயித்து மேடம், நிறுத்தியாச்சு.”

போனை வைத்தாள். மேஜை மேல் அந்தப் பக்கத்தின் ப்ரூஃப் தாள் ஃபேன் காற்றில் படபடத்துக்கொண்டிருந்தது.

அச்சாகிக்கொண்டிருந்தது அவர்கள் குடும்ப வரலாறு. ஞாயிற்றுக்கிழமை பெரியப்பா ஆதிகேசவனுக்கு அறுபதாம் கல்யாணம். வருகிறவர்களுக்குத் தாம்பூலப் பையில் ஆளுக்கொரு புத்தகம். சாஃப்ட்வேர் வேலைக்கு நடுவே, லீவு நாளெல்லாம் ஆரணி, வேலூர், தங்கவயல் என்று அலைந்து பெயரும் போட்டோவும் சேர்த்திருந்தாள் சுனிதா. காலமானவர்கள் படத்துக்குக் கீழே அவர்களுடைய திதி. பேரன் பேத்திகள் தெவசத்தை மறந்துவிடக் கூடாது என்று பெரியப்பாவின் கண்டிப்பு.

பஞ்சாங்க விஷயத்தில் அவரையும் மிஞ்சியவள் அம்மா ஜானகி. பாட்டியின் திதியை அவர் மாற்றிச் சொன்னதைச் சிவப்புப் பேனாவால் அடித்துத் திருத்தியவளே அவள்தான். ஆனால் பதினோராம் பக்கத்தை மட்டும் பார்க்க மறுத்துவிட்டாள். அது அப்பா கோதண்டராமனின் பக்கம்.

பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால், காவிரிக் கலவரம் நடந்த டிசம்பர். கார்த்திகை மாதக் கடைசி வெள்ளிக்கிழமை. “கடை ஷட்டர் என்னாச்சுன்னு பார்த்துட்டு வந்துடறேன்” என்று ஸ்கூட்டரில் கிளம்பினார் அப்பா. ஸ்கூட்டர் அல்சூர் ஏரிக்கரையில் கிடைத்தது. அவர் கிடைக்கவில்லை.

அம்மா இன்றும் தாலியும் காசளவு குங்குமமுமாகத்தான் இருக்கிறாள். யார் கேட்டாலும் “வருவாரு” என்பாள். ஆனால் வாசலில் கேட் சத்தம் கேட்டால் நிமிர்ந்துகூடப் பார்க்க மாட்டாள். காத்திருந்து காத்திருந்து மரத்துப்போய்விட்டாள் என்று சுனிதா நினைத்துக்கொள்வாள்.

போன வாரம் பெரியப்பா ஈஸிசேரில் கண்ணை மூடிக்கொண்டு திதிகளைச் சொல்லச் சொல்ல, அவள் கம்ப்யூட்டரில் தட்டிக்கொண்டே போனாள். தாத்தாவுக்கு ஆவணி தேய்பிறை பஞ்சமி. சின்னத் தாத்தாவுக்குத் தை வளர்பிறை திரயோதசி. அதே மூச்சில், “கோதண்டத்துக்கு மார்கழி வளர்பிறை தசமி.” சொன்னவருக்கும் உறைக்கவில்லை, அடித்தவளுக்கும் உறைக்கவில்லை.

இன்று உறைத்தது.

அப்பா காணாமல் போனது கார்த்திகையில். செத்த நாள் தெரியாதவர்களுக்கு அமாவாசையில்தான் எள்ளும் தண்ணீரும் இறைப்பார்கள். ஒருவருக்குத் திதி இருக்கிறது என்றால், அவர் உயிர் போனதை யாரோ பார்த்திருக்கிறார்கள்.

மாடிப்படியில் செருப்புச் சத்தம். பெரியப்பா உள்ளே வந்தார், சிரித்த முகத்தோடு.

“என்ன சுனி, பிரஸ்லேர்ந்து கீழ எனக்கு போன் பண்றான். மெஷினை நிறுத்தச் சொன்னியாமே?”

“சின்னக் கரெக்‌ஷன் பெரியப்பா. அப்பா பக்கத்துல.”

“எந்த வரி?”

“கடைசி வரி.”

அவர் குனிந்து படித்தார். சிரிப்பு மெல்ல இறங்கியது. கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியில் துடைத்தார், துடைத்துக்கொண்டே இருந்தார்.

“இதை யார்கிட்டயாவது காட்டினியா?”

“இல்ல.”

“காட்டாதே. முக்கியமா உங்கம்மாகிட்ட.” குரல் தாழ்ந்தது. “அந்த வரியை எடுத்துட்டு, காணவில்லைன்னு போடு. நானே பிரஸ்ஸுக்குப் போய்ச் சொல்லிடறேன். ஒண்ணும் கிளறாதே சுனி. இந்த வீட்டுல இன்னொரு ஆள் காணாமப் போக வேணாம்.”

அவர் படியிறங்கிப் போனார். சுனிதா கதவைத் தாழிட்டுவிட்டு, அந்தத் தாளோடு சமையலறைக்கு ஓடினாள்.

அம்மா அரிவாள்மணையில் அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

“அம்மா, எழுந்திரு! ஆட்டோ பிடிச்சு இப்பவே காந்தா அத்தை வீட்டுக்குப் போயிடலாம்.”

“அடுப்புல குழம்பு கொதிக்குதுடி. என்ன அவசரம்?”

“அப்பா ஓடிப் போகல, கலவரத்துலயும் சாகல. பெரியப்பாவுக்கு எல்லாம் தெரியும். அப்பா செத்த நாள்கூடத் தெரியும். அதை நானே என் கையால டைப் பண்ணியிருக்கேன்மா, பாரு!”

அரிவாள்மணையைச் சாய்த்து வைத்துவிட்டு, ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டாள் அம்மா. தாளை வாங்கி வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள். இதோ சரியப்போகிறாள் என்று சுனிதா தாங்கிக்கொள்ளத் தயாராக நின்றாள்.

அம்மா சரியவில்லை. அலமாரி மேலிருந்த சிவப்புப் பேனாவை எடுத்து, கடைசி வரியில் ஒரே ஒரு வார்த்தையை நிதானமாக அடித்தாள்.

“தசமி தப்புடி. உங்கப்பா மூச்சு நிக்கறதுக்குள்ள ஏகாதசி பொறந்துடுச்சு.”